நனையாதவரை நிற்கும் மண்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இரண்டு வேலைகள் ஓய்ந்ததே இல்லை: மேட்டை வெட்டுவது, பள்ளத்தை நிரப்புவது. சிங்கப்பூரின் துவாசுக்குப் போகும் இரண்டாம் பாலம் 1998-இல் திறக்கப்பட்டது. அதையொட்டி தஞ்சோங் பெலபாஸ் துறைமுகம் எழுந்தது. 2006-இல் இஸ்கந்தர் வளர்ச்சி வட்டாரம் அறிவிக்கப்பட்டதும் வீடமைப்புப் பகுதிகள் வரிசைகட்டின. பால்மரமும் செம்பனையும் நின்ற மேடுகள் சமதளமாயின. அங்கே தோண்டிய செம்மண் லாரியேறி அடுத்த பள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இவ்வட்டாரத்துப் புது வீடுகளில் பல, ஒன்று வெட்டிய சரிவுக்குக் கீழே இருக்கின்றன, அல்லது கொட்டி நிரப்பிய மண்ணுக்கு மேலே.

அந்தச் சரிவுக்கும் இந்த நிரப்புமண்ணுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. இரண்டிலும் துகள்களுக்கு நடுவே உள்ள துளைகளில் நீரும் காற்றும் கலந்தே இருக்கின்றன. நீர் முழுதாக நிறையாத இத்தகைய மண்ணை நிறைவுறா மண் என்கிறார்கள் பொறியாளர்கள். அது எவ்வளவு சுமை தாங்கும், நனைந்தால் என்ன ஆகும் என்பதைக் கணக்கில் அடக்கும் முயற்சிக்கு வயது எழுபதுக்கு மேல். கணக்குகள் பெருகியிருக்கின்றன. அவற்றுள் இந்த மண்ணுக்கு உதவுபவை எவை என்பதுதான் நமது கேள்வி.

கரையோரத்துச் சேற்றுக் களிமண்ணை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். துறைமுகமும் அதன் அக்கம்பக்கமும் நிற்கும் அந்த மண் எப்போதும் நீரில் ஊறியே கிடப்பது. அதற்கான அடிப்படைக் கணக்கை கார்ல் டெர்சாகி 1920-களிலேயே கொடுத்துவிட்டார். மொத்த அழுத்தத்திலிருந்து துளைநீரின் அழுத்தத்தைக் கழித்தால் மீதி துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அளவு. அதுவே பயனுறு தகைவு. மண்ணின் வலிமையும் அமுக்கமும் அதைப் பொறுத்தே அமையும். மண் இயங்கியல் என்ற துறை இந்த ஒற்றை வரியின்மேல்தான் எழுந்தது. சிக்கல், துளைக்குள் காற்று நுழைந்த கணத்தில் தொடங்குகிறது.

காற்று புகுந்ததும் நீர் துகள்களின் தொடுமுனைகளில் ஒதுங்கிக்கொள்கிறது. அதன் வளைந்த பரப்பு இழுவிசையால் துகள்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. அப்போது நீரின் அழுத்தம் காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு. அந்த வித்தியாசமே உறிஞ்சழுத்தம். துளை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வலிய இழுப்பு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள நுண்புழை, ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்துக்கு நீரைத் தூக்கி நிறுத்தவல்லது. கிட்டத்தட்ட 290 கிலோபாஸ்கல். களித்துகள் மிகுந்த நமது செம்மண்ணில் இத்தகைய துளைகளுக்குப் பஞ்சமில்லை. வெயில் காலத்தில் தோட்டத்துச் செம்மண் பாதை மண்வெட்டியைத் திருப்பி அடிப்பதும், அடைமழையில் அதே பாதை காலை விழுங்குவதும் இந்த இழுப்பு இருப்பதாலும் இல்லாமற்போவதாலும் நடப்பவை.

இந்த இழுப்பு ஒரு சரிவுக்கு எவ்வளவு உதவுகிறது? 45 பாகைச் சரிவாக வெட்டிய செம்மண் மேடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்பரப்பிலிருந்து 2 மீட்டர் ஆழத்தில், சரிவுக்கு இணையாக ஒரு தளத்தில் மண் வழுக்க முயல்கிறது. மண்ணின் எடை கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால், வழுக்கச் செய்யும் தகைவு 18 கிலோபாஸ்கல். தடுக்கும் பக்கத்தில் உராய்வுக் கோணம் 30 பாகை, ஒட்டுவலிமை 5 கிலோபாஸ்கல் என்று வைத்தால், கூட்டிக் கிடைப்பது 15.4. இதை வழுக்கச் செய்யும் தகைவால் வகுத்தால் வரும் காப்புக் காரணி 0.86. ஒன்றுக்குக் கீழே என்பதால், கணக்கின்படி அந்த மேடு ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும். ஆனால் துளைநீரில் 30 கிலோபாஸ்கல் உறிஞ்சழுத்தம் இருந்து, அதனால் வலிமை கூடும் கோணம் 20 பாகை என்றால் இன்னும் 11 கிலோபாஸ்கல் சேரும். காப்புக் காரணி 1.46 ஆகிவிடும். இது எடுத்துக்காட்டுக்காக நான் போட்ட கணக்கு. ஆனாலும் எண்கள் இங்குள்ள செம்மண்ணுக்குப் பொருந்தக்கூடியவைதான். மேட்டை நிறுத்திவைப்பது உறிஞ்சழுத்தம் மட்டுமே. நனையாதவரை அது நிற்கும்.

அந்தக் கணக்கில் வந்த 20 பாகை எங்கிருந்து வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு நீண்ட வாதம் இருக்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆலன் பிஷப், டெர்சாகியின் கோட்பாட்டைக் கைவிடாமல் நீட்டிப் பார்த்தார். 1955-இல் ஆஸ்லோவில் நிகழ்த்தி 1959-இல் அச்சான உரையில், உறிஞ்சழுத்தத்தின் ஒரு பங்கு மட்டும் பயனுறு தகைவில் சேரும் என்றார். அந்தப் பங்கு, மண் முற்றும் நனைந்திருந்தால் 1, முற்றும் காய்ந்திருந்தால் 0. அழகான யோசனை. ஆனால் இடைப்பட்ட நிலையில் பங்கு எவ்வளவு என்பது மண்ணுக்கு மண், சோதனைக்குச் சோதனை மாறியது. 1977-இல் கனடாவின் ஃபிரெட்லண்டும் மோர்கன்ஸ்டர்னும் வேறு வழியில் போனார்கள். தகைவையும் உறிஞ்சழுத்தத்தையும் ஒன்றாக்க வேண்டாம். காற்றழுத்தம் போக மீந்த தகைவை ஒரு மாறியாகவும், உறிஞ்சழுத்தத்தைத் தனியாக இன்னொரு மாறியாகவும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அடுத்த ஆண்டே உறிஞ்சழுத்தத்துக்கென்று ஒரு தனிக் கோணத்துடன் வலிமைச் சமன்பாடு வந்தது. பொறியாளர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. பழைய கணக்கில் ஓர் உறுப்பைக் கூட்டினால் போதும். அந்தக் கோணம் நிலையானதல்ல, உறிஞ்சழுத்தம் கூடக்கூடக் குறையும் என்பது பிறகு தெரிந்தது. 1996-இல் வனபள்ளியும் ஃபிரெட்லண்டும் சகாக்களும் அந்தக் குறைவை மண்ணின் நீர்பிடி வளைகோட்டோடு இணைத்தார்கள்.

இந்த வளைகோடு ஒன்றையாவது வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்த உறிஞ்சழுத்தத்தில் மண் எவ்வளவு நீரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதைக் காட்டும் கோடு அது. வான் கெனுக்டன் 1980-இலும், ஃபிரெட்லண்டும் சிங்கும் 1994-இலும் அதற்குத் தந்த சமன்பாடுகள் இன்று இத்துறையின் பெரும்பாலான மென்பொருள்களில் உண்டு. வலிமை, நீர் ஊடுருவும் வேகம், அமுக்கம் என எல்லாமே இதிலிருந்து கணிக்கப்படுகின்றன. தொல்லை என்னவென்றால், காயும்போது ஒரு கோடு, நனையும்போது வேறொரு கோடு. ஒரே உறிஞ்சழுத்தத்தில் மண் இரண்டு ஈரப்பதங்களில் இருக்க முடியும். இயற்பியலில் தயக்கம் என்று சொல்வது இதைத்தான். ஆய்வகங்கள் வழக்கமாக அளப்பது காயும் கோட்டை. மேடு சரிவதோ நனையும்போது. பல அறிக்கைகள் இந்த வேறுபாட்டை ஒரு வரியில் கடந்துபோகின்றன. கடந்துபோகக் கூடாத இடம் இது.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்திலேயே இதற்கான களச்சான்றுகள் இருக்கின்றன. ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், கெலாங் பாத்தாவிலிருந்து நேர்கோட்டில் 20 கிலோமீட்டருக்குள், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகம் இருக்கிறது. 1995 பிப்ரவரி 26-இல் பெய்த மழையில் அந்த வளாகத்தில் மட்டும் 20 சிறு மண்சரிவுகள் ஏற்பட்டன. ஹரியாந்தோ ரஹார்ஜோ குழுவினர் அவற்றை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரை, அன்றைய மழையை மட்டும் பார்த்தால் போதாது, அதற்கு முந்தைய நாள்களின் மழையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டியது. முந்தைய மழை உறிஞ்சழுத்தத்தைத் தின்று வைத்திருக்கும். கடைசி மழை மிச்சத்தை முடிக்கும்.

இக்கரையில், ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், பாலாய் செராப் என்னும் சரிவில் கருவிகள் நட்டு உறிஞ்சழுத்தம் அளந்தார்கள். லீ மின் லீ, நுர்லி கோபார், ரஹார்ஜோ மூவரும் 2009-இல் வெளியிட்ட எளிய மாதிரி சொல்வது இதுதான். நீர் விரைந்து ஊடுருவும் மணற்பாங்கான மண்ணுக்குக் குறுகிய கொட்டுமழை ஆபத்து. மெல்ல ஊடுருவும் களிப்பாங்கான மண்ணுக்கு நாள்கணக்கில் நசநசக்கும் தூறல் ஆபத்து. தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது. ஆனால் எத்தனை நாள், எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்ல அந்த மண்ணிலேயே அளந்த ஊடுருவல் வேகம் வேண்டும். 2012-இல் அஸ்மான் காசிமும் அதே குழுவினரும் எழுதிய கட்டுரை இன்னொரு முடிச்சைக் காட்டியது. சிதைந்த பாறையிலிருந்து உண்டான மண்ணில் பழைய பாறையின் பிளவுகள் தடமாக எஞ்சியிருக்கும். நீர் அந்தத் தடங்களின் வழியே போகும். சீரான மண் என்று எடுத்துக்கொண்ட மாதிரி அங்கே தடுமாறும்.

என் கணிப்பில், வெப்பமண்டல மண்ணுக்கான மாதிரிகளின் மிகப் பெரிய ஓட்டை இந்த இடத்தில்தான். சிறந்த கோட்பாடுகளெல்லாம் ஆய்வகத்தில் பிசைந்து அழுத்திய சீரான களிமண்ணிலிருந்து பிறந்தவை. நம் செம்மண்ணிலோ இரும்பு ஆக்சைடு துகள்களை ஒட்டவைத்திருக்கிறது, பெருந்துளையும் நுண்துளையும் அடுக்கடுக்காக இருக்கின்றன, மேலே ஒரு மீட்டருக்கும் கீழே மூன்று மீட்டருக்கும் குணம் வேறு. சோதனைக்கு மண் எடுக்கும்போதே அந்த ஒட்டு பாதி கலைந்துவிடுகிறது.

சரிவுகளைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்றால் காரணம் வெளிப்படை: ஆள் சாகிறது. கெலாங் பாத்தாவுக்கு வடக்கே நிற்கும் குனோங் பூலாய் அடிவாரத்தில் 2001 டிசம்பர் இறுதியில் மண் இறங்கி நான்கு வீடுகளை அழித்து ஐந்து பேரைக் கொன்றது. அப்போது ஜொகூரைக் கடந்த வாமெய் சூறாவளி, நிலநடுக்கோட்டிலிருந்து 1.5 பாகைக்குள் உருவானது. அவ்வளவு அருகில் சூறாவளி உருவாகும் என்று அதற்குமுன் யாரும் எதிர்பார்த்ததில்லை. 1993 டிசம்பர் 11-இல் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடி விழுந்து 48 பேர் இறந்ததும், 2022 டிசம்பர் 16-இல் பத்தாங் காலி மண்சரிவில் 31 பேர் இறந்ததும் நாடு மறக்காதவை. மூன்றும் டிசம்பர். பொதுப்பணித் துறையில் சரிவுப் பொறியியலுக்கென்று தனிப்பிரிவு 2004-இல்தான் வந்தது.

வீட்டுக்கடியில் அமுங்கும் நிரப்புமண் பொதுவாக ஆளைக் கொல்வதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. வீட்டுக்காரர் மட்டும் பேசுவார்: கார் நிறுத்தும் இடம் ஒரு பக்கம் இறங்கிவிட்டது, வீட்டைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தளம் சுவரிலிருந்து விலகிவிட்டது, வடிகால் நடுவில் தொய்ந்து நீர் தேங்குகிறது. அடியில் சேற்றுக் களிமண் இருந்தால் அது காரணமாக இருக்கலாம். இல்லாத இடத்திலும் இது நடக்கிறதே, ஏன்?

இந்தக் கேள்விதான் கோட்பாட்டு உலகத்தையே ஒருமுறை ஆட்டியது. தென்னாப்பிரிக்காவில் ஜென்னிங்ஸும் பர்லண்டும், காய்ந்த மண்ணில் சுமை ஏற்றி, சுமையை மாற்றாமல் நீரை மட்டும் ஊற்றினார்கள். நீர் ஊற்றினால் உறிஞ்சழுத்தம் போகும். பிஷப்பின் கணக்குப்படி பயனுறு தகைவு குறையும். குறைந்தால் மண் விரிய வேண்டும். மண் விரியவில்லை, பொசுக்கென்று அமுங்கியது. 1962-இல் வந்த அந்தக் கட்டுரை, வலிமைக்குப் பொருந்தும் ஒற்றைத் தகைவு கன அளவு மாற்றத்துக்குப் பொருந்தாது என்பதை மறுக்க முடியாதபடி காட்டியது.

விடை வர இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. பார்சலோனாவின் அலோன்சோ, ஜென்ஸ், ஹோசா மூவரும் 1990-இல் வெளியிட்ட மாதிரி, கேம்பிரிட்ஜில் வளர்ந்த மாறுநிலைக் கோட்பாட்டை நிறைவுறா மண்ணுக்கு நீட்டியது. மண் மீளும் எல்லையைத் தாண்டிக் குழையத் தொடங்கும் அழுத்தம், உறிஞ்சழுத்தம் கூடக்கூட உயர்கிறது என்பதே அதன் மையக் கருத்து. காய்ந்த மண் பெரிய சுமையைத் தாங்கும், ஆனால் அந்தச் சுமை நனைந்த மண்ணின் எல்லையைத் தாண்டியதாக இருக்கலாம். நனைந்ததும் எல்லை கீழிறங்குகிறது, ஏற்கெனவே இருக்கும் சுமையே குழைவை உண்டாக்குகிறது, மண் அமுங்குகிறது. சிறு சுமையில் நனைந்தால் விரிவதும், பெருஞ்சுமையில் நனைந்தால் அமுங்குவதும் ஒரே வரைபடத்தில் அடங்கிவிட்டன. இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான சிந்தனை இதுவரை வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதன் குறைகளும் விரைவில் தெரிந்தன. நிஜ மண்ணில் நனையும்போது ஏற்படும் அமுங்கல் ஒரு குறிப்பிட்ட சுமையில் உச்சம் தொட்டுப் பிறகு குறையும். மூல மாதிரியில் சுமையோடு அது கூடிக்கொண்டே போகும். 1995-இல் வீலரும், பின்னாளில் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சிவகுமாரும், கேயோலின் களிமண்ணில் உறிஞ்சழுத்தத்தைக் கட்டுப்படுத்திச் செய்த சோதனைகள் இந்தக் கோட்பாட்டைச் செம்மைப்படுத்தின. இத்தகைய சோதனைகளில் ஒரு மண்துண்டுக்கே வாரங்கள், சிலவேளை மாதங்கள் ஆகும். நீர் அவ்வளவு மெதுவாகத்தான் சமநிலைக்கு வரும். 2003-இல் வீலர், சர்மா, பூசான் மூவரும் தயக்கத்தையும் மாதிரிக்குள் கொண்டுவந்தார்கள். அதன்பின் வந்த மாதிரிகளை எண்ணி மாளாது. அவற்றுள் பல, அணுக்கழிவைப் புதைக்கும் விரியும் களிமண் அரண்களுக்காகச் செதுக்கப்பட்டவை. சுவிட்சர்லாந்தின் கிரிம்செல் சுரங்கத்தில் 1997-இல் தொடங்கிய ஸ்பானியச் சூடேற்றச் சோதனை அந்த வரிசையில் பெயர்பெற்றது. அங்கே ஓராண்டு ஈராண்டுக்கு அல்ல, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குக் கணிக்க வேண்டியிருக்கிறது. செலவு ஒரு பொருட்டல்ல. கெலாங் பாத்தாவில் ஒரு தரைவீட்டுத் திட்டத்துக்கு ஒன்பது பத்து மண் எண்களைக் கேட்கும் மாதிரியை யார் பயன்படுத்துவார்?

இதற்கு இலங்கையில் பிறந்த ஒருவர் தந்த யோசனை எனக்கு நடைமுறைக்கு மிக நெருக்கமாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜயந்த கொடிகார, 2012-இல், இறுக்கிய மண்ணுக்கு உறிஞ்சழுத்தத்துக்குப் பதிலாக ஈரப்பதத்தையே மாறியாக வைத்துக்கொள்ளலாம் என்றார். ஈரப்பதத்தை அளக்க ஓர் அடுப்பும் தராசும் போதும். கட்டுமானக் களத்தில் எல்லோருக்கும் பழகிய இறுக்க வளைகோட்டையே அவர் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

அந்த வளைகோட்டை 1933-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் புரொக்டர் கொடுத்தார். மண்ணை மிக நெருக்கமாக இறுக்க ஓர் உகந்த ஈரப்பதம் உண்டு. அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் நெருக்கம் குறையும். களத்தில் நாம் வழக்கமாகச் சோதிப்பது அடர்த்தியை மட்டும்: ஆய்வக உச்சத்தில் 90 அல்லது 95 விழுக்காடு வந்துவிட்டதா, கையெழுத்து. அதே 90 விழுக்காட்டை உகந்த ஈரத்துக்குக் கீழேயும் எட்டலாம், மேலேயும் எட்டலாம். ஒப்பந்ததாரருக்குக் காய்ந்த பக்கம் வசதி. மண் உருளையில் ஒட்டாது, லாரி புதையாது. ஆனால் காய்ந்த பக்கம் இறுகிய மண் கட்டி கட்டியாக, பெருந்துளைகளோடு நிற்கும். அதை நிறுத்துவது உறிஞ்சழுத்தம். சாவியை வாங்கி, தோட்டம் போட்டு, வடிகால் ஒழுகி, இரண்டு பருவமழை கண்டபின் அது அமுங்கும். பார்சலோனா மாதிரி சொல்வதும் கொடிகார சொல்வதும் இதையேதான். இதைத் தடுக்கக் கணினி வேண்டாம். இறுக்கும் ஈரப்பதத்துக்கும் ஒரு கீழ் எல்லை வைத்து, அதையும் அடர்த்தியோடு சேர்த்துச் சோதித்தால் போதும்.

அளவீட்டுக்கு வருவோம். டென்சியோமீட்டர் என்பது நுண்துளைப் பீங்கான் முனையுள்ள நீர்க்குழாய். மண் உறிஞ்சும் இழுப்பை நேரடியாகக் காட்டும். ஏறத்தாழ 90 கிலோபாஸ்கலுக்கு மேல் குழாய்க்குள் நீர் குமிழியாகி அறுந்துவிடும். 1993-இல் இம்பீரியல் கல்லூரியில் ரிட்லியும் பர்லண்டும் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டும் கருவியைச் செய்தார்கள். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு வாட்மன் 42-ஆம் எண் வடிதாளை மண்ணோடு ஒட்டிவைத்து எடைபோடும் முறை இருக்கிறது. பாலைநிலத்து ஆய்வாளர்களுக்குச் சாதாரண டென்சியோமீட்டர் பயன்படாது; ஆண்டெல்லாம் மழை பெறும் ஜொகூரில் பெரும்பாலான நாள்களுக்கு அதுவே போதும். ஈரமான நாடாக இருப்பதில் இப்படி ஒரு வசதி.

மாதிரியே வேண்டாம், மழை அளவு போதும் என்பவர்களும் உண்டு. இலங்கையின் தேசியக் கட்டட ஆய்வு நிறுவனம் 24 மணிநேரத்தில் 75, 100, 150 மில்லிமீட்டர் என்று படிப்படியாக எச்சரிக்கை விடுகிறது. மலையகத்தில் அது உயிர்களைக் காக்கக்கூடிய ஏற்பாடுதான். ஆனால் 2014 அக்டோபர் 29-இல் தோட்டத் தொழிலாளர் லயன்களைப் புதைத்த மீரியபெத்தை மண்சரிவு காட்டியதுபோல, எச்சரிக்கை ஒன்று, அதைக் கேட்டுப் போக ஓர் இடம் இருப்பது வேறொன்று. தவிர, ஒரே மழை எண்ணை எல்லா மண்ணுக்கும் வைப்பது, ஸ்கூடாய் ஆய்வு சொன்ன ஊடுருவல் வேறுபாட்டை மறந்துவிடுவதாகும். இயந்திரக் கற்றல் வழியே நீர்பிடி வளைகோட்டைக் கணிக்கும் கட்டுரைகள் இப்போது ஏராளம். பயிற்றுவிக்கக் கொடுத்த தரவில் நம் செம்மண் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது.

மொத்தத்தில் என் தீர்ப்பு இது. சரிவுகளுக்கு ஃபிரெட்லண்டின் எளிய வலிமைக் கணக்கும், 1931-இல் ரிச்சர்ட்ஸ் தந்த ஊடுருவல் சமன்பாடும், நனையும் கோட்டில் அளந்த நீர்பிடித் தரவும் போதும். நிரப்புமண்ணுக்கு பார்சலோனாவின் கருத்தும் கொடிகாரவின் ஈரப்பத அணுகுமுறையும் போதும். புதிய சமன்பாடு ஒன்றை இன்னும் வெளியிடுவதால் இவ்வட்டாரத்துக்குக் கிடைக்கப்போவது சொற்பம். கிடைக்காமல் இருப்பது ஒரே சரிவில் பல ஆண்டுகள் விடாமல் எடுத்த அளவீடு. பெரும்பாலான கருவிகள் ஒரு மாணவரின் முனைவர் பட்டத்தோடு மண்ணிலிருந்து பிடுங்கப்படுகின்றன. மண்ணின் நிலை மாற அதைவிட நாளாகும்: செம்பனை வேர்கள் மட்கும், நிழல் போகும், மழைநீர் புதிய தடம் பிடிக்கும்.

வீடமைப்புத் திட்டங்களுக்கு அனுமதி தரும்போதே சரிவுகளில் டென்சியோமீட்டரும் மழைமானியும் நடுவதையும், குறைந்தது பத்து ஆண்டுகளுக்கு அந்த எண்களைப் பொதுவில் வைப்பதையும் நிபந்தனையாக்க வேண்டும். நகராண்மைக்கு அது பெரிய செலவல்ல. வீடு வாங்குகிறவர்கள் நிரப்புமண்ணின் இறுக்கச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள், அதில் ஈரப்பதம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிவிட்டவர்கள், நவம்பர் மழைக்கு முன் சுவரோரத் தளத்தின் விரிசலை அடைத்து, வடிகாலை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.